மல்லாட்டையும் மார்செய் சவுக்காரமும்

பிரான்சில் குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரும் சாமான்களைப் பார்த்தாலே காலம் மாறியது தெரியும். ஒரு காலத்தில் சென்ட் பாட்டில், சாக்லேட், ஷேவிங் கிரீம். இப்போது பலர் கொண்டுவருவது கனச்சதுரமாக, நான்கு பக்கமும் முத்திரை குத்திய ஒரு சவுக்காரக் கட்டி. 'சவோன் த மார்செய்' என்று பெயர். தாத்தா பாட்டிக்குக் கொடுக்கும்போது, "இதில் ரசாயனம் எதுவும் கிடையாது, முழுக்கத் தாவரம்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் கடற்கரைப் பக்கத்துக் கடைகளிலும் இப்போது தாவரத்தில் செய்த தரை கழுவும் திரவம், பூந்திக்கொட்டைத் திரவம், வெட்டிவேர் வாசனைச் சோப்பு என்று அழகழகான பாட்டில்களில் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவோம்.

இந்த வியாபாரத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. புதுவைக்காரர்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டிய இரண்டு செய்திகள் இதற்குள் இருக்கின்றன. மார்செய் சவுக்காரத்துக்குப் போன எண்ணெயில் ஒரு பங்கு நம் துறைமுகத்திலிருந்து போனது என்பது ஒன்று. வீட்டுத் துணிக்கு வாசனை கொடுத்த இரண்டு செடிகளின் பெயர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது இன்னொன்று.

முதலில் நம் வீட்டுச் சரக்கைப் பார்ப்போம். தலைக்குச் சீயக்காய் அல்லது அரப்பு. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை. பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல், பித்தளைக்கும் செம்புக்கும் புளி. அழுக்குத் துணி சலவைக்காரர் வீட்டு வெள்ளாவிக்குப் போகும். அவர்கள் சவுட்டு மண்ணைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் துணியை முக்கி, பானை மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் துறையில் அடித்துத் துவைப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இவை வேலை செய்யும் முறை இரண்டு வகை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தண்ணீரில் தேய்த்தால் நுரை வரும், எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து எடுக்கும். அதில் காரம் கிடையாது. அதனால்தான் பட்டுக்கும் கம்பளிக்கும் அது கெடுதல் செய்வதில்லை. பூந்தி மரத்துக்குத் தாவர நூலார் வைத்த பெயர் 'சபிண்டஸ்'. லத்தீனில் 'சபோ' என்றால் சவுக்காரம், 'இண்டிகஸ்' என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து 'இந்தியச் சவுக்காரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சாம்பலும் சவுட்டு மண்ணும் வேறு வகை. இவற்றில் இருப்பது காரம். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட், சவுட்டு மண்ணில் சோடியம் கார்பனேட். துணியிலும் பாத்திரத்திலும் இருக்கும் கொழுப்போடு இந்தக் காரம் சூட்டில் சேர்ந்து, கொஞ்சம் சவுக்காரத்தை அங்கேயே உண்டாக்கிக் கொள்கிறது. வெள்ளாவியில் வேகவைப்பதற்குக் காரணம் இதுதான். எண்ணெயையும் காரத்தையும் தனியாகக் கொதிகலனில் போட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கினால் அதுதான் சவுக்காரம். நம் முன்னோர்கள் அந்தச் சொல்லிலேயே காரத்தை வைத்திருக்கிறார்கள்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி, 'சபோ' என்பது கோல் நாட்டார், அதாவது பழைய பிரான்ஸ் மக்கள், கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துச் செய்தது என்றும், தலைமுடியைச் செம்பட்டையாக்க அதைப் பூசினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்தான் பிரெஞ்சில் சவோன், போர்த்துக்கீசில் சபாவ் என்றெல்லாம் ஆயிற்று. ஆனால் மாட்டுக் கொழுப்புச் சவுக்காரம் நாற்றமடிக்கும். மத்தியதரைக் கடல் ஓரத்து ஊர்களில் ஒலிவ எண்ணெய் தாராளமாகக் கிடைத்ததால் அங்கே நல்ல கட்டிச் சவுக்காரம் உருவானது. அதில் பெயர் வாங்கிய ஊர் மார்செய்.

1688-ல் பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி செஞ்ஞெலே ஒரு கட்டளை கொண்டுவந்தார். நம் ஊர்ச் சரித்திரத்தில் அடிக்கடி வரும் கொல்பேரின் மகன்தான் இவர். சவுக்காரத்தில் சுத்தமான ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு எதையும் கலக்கக்கூடாது, கலந்தால் சரக்கு பறிமுதல் என்பது சட்டம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ச்சவே கூடாது, வெயிலில் தரம் கெட்டுவிடும் என்றும் அதில் இருந்தது. 'தாவரச் சவுக்காரம்' என்று இன்று புதுசாகப் பேசுவதை முன்னூறு வருடத்துக்கு முன்பே அங்கே சட்டமாக எழுதிவிட்டார்கள்.

காரத்துக்கு அவர்கள் நம்பியிருந்ததும் செடியைத்தான். கடலோர உப்பு நிலத்தில் முளைக்கும் செடிகளை எரித்துச் சாம்பலிலிருந்து சோடா எடுத்தார்கள். மரக்காணம், பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் உமரி முளைக்கிறதே, அந்த இனத்துச் செடிகள். 1791-ல் நிக்கோலா லெப்ளான் சாதாரண உப்பிலிருந்தே சோடா தயாரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அதற்குப் பிறகு காரத்துக்குப் பஞ்சமில்லை, எண்ணெய்க்குத்தான் பஞ்சம். ஒலிவ மரங்கள் கொடுத்தது போதவில்லை. விலையும் ஏறியது. மார்செய் வியாபாரிகள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பார்த்தார்கள். செனகால் நாட்டு வேர்க்கடலை, கிழக்கு நாடுகளின் எள், பிறகு கொப்பரை, பாமாயில் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

அந்தக் கப்பல்களில்தான் நம் மல்லாட்டையும் போனது.

வேர்க்கடலை தென் அமெரிக்கப் பயிர். நம் பக்கத்துக்கு மணிலா வழியாக வந்தது என்பதை 'மணிலாக் கொட்டை' என்ற பெயரே சொல்கிறது. அது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு செம்மண் நிலங்களில் இந்தப் பயிர் வேகமாகப் பரவியது. காரணம் பிரெஞ்சுச் சந்தை. 1866-ல் நம் இரும்புப் பாலம் கடலுக்குள் கட்டப்பட்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததும், பண்ணுருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மல்லாட்டைக்கு வண்டியிலும் ரயிலிலும் புதுவைக்கு வந்து, சலங்குப் படகில் ஏறி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போய், மார்செயில் இறங்க வழி கிடைத்தது. புதுவையின் முக்கியமான ஏற்றுமதிகளில் ஒன்றாகவே அது ஆகிவிட்டது. அந்தப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோனதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அது சமையல் எண்ணெய்க்குப் போகாமல் பெரும்பாலும் சவுக்காரத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. செனகால் கடலை தோலோடு கப்பல் ஏறியது. நம் கடலையை உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள், மூட்டைக்கு இடம் மிச்சம் என்று. உடைத்தவர்கள் பெண்கள். காய்ந்த மல்லாட்டையைக் கையால் உடைத்தால் விரல் தாங்காது. அதனால் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தோல் மெத்தென்று ஆனதும் உடைப்பார்கள். ஈரம் பட்ட பருப்பு மூட்டைக்குள் கட்டுண்டு, கப்பலின் அடித்தளத்துச் சூட்டில் வாரக்கணக்கில் கிடக்கும்போது சிக்கு வாடை பிடித்துவிடும். அந்த எண்ணெயைச் சாலட்டில் ஊற்ற முடியாது. சவுக்காரக் கொதிகலனுக்கு அது போதும். உடைக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு தரம் மாறியது. ஆனால் கையால் உடைப்பது உடனே நின்றுவிடவில்லை.

என் அம்மாவைப் பெற்ற ஆயா சின்ன வயதில் அந்த வேலைக்குப் போனவர். வில்லியனூர் பக்கம் ஊர். விடியற்காலையில் நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து நடந்து வந்து, பட்டணத்துக் கிடங்கில் உட்கார்ந்து உடைத்து, பொழுது சாய நடந்தே திரும்புவார்களாம். கூலி அளவுக் கணக்கு. மரக்கால் நிறைந்தால்தான் காசு. கட்டை விரல் நகம் மழுங்கி, ஓரம் வெடித்திருக்கும். வயதான பிறகும் அந்த நகம் சரியாக வளரவில்லை. நான் பார்த்திருக்கிறேன். "அவ்ளோ பருப்பையும் அந்தச் சீமைக்காரன் என்னதான் பண்ணுவானோ, தின்னா வயிறு தாங்குமா?" என்று சிரிப்பார். அது சவுக்காரமாகப் போனது என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய வீட்டில் கடைசி வரைக்கும் துணிக்கு உவர் மண், பாத்திரத்துக்குச் சாம்பல், தலைக்குச் சீயக்காய். கட்டிச் சவுக்காரம் என்பது பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்கும் சாமான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பூகோளப் பாடத்தில் மார்செய் வரும். வரைபடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அம்புக்குறிகள் அந்தத் துறைமுகத்துக்குப் போகும். பக்கத்தில் 'அராஷீத்' என்று எழுதியிருக்கும். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட, நாங்கள் பிழையில்லாமல் பார்த்து எழுதுவோம். அராஷீத் என்றால் வாசலில் காயவைத்திருக்கும் மல்லாட்டைதான் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பல வருடங்கள் கழித்து அரசு வேலையில் இருந்தபோது, பழைய பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை என்று அந்த வேலை என் மேசைக்கு வரும். கிடங்கு, வாடகை, மனை எல்லை என்று இருக்கும் அந்தக் காகிதங்களில் 'அராஷீத்' அடிக்கடி வந்தது. அப்போதுதான் வகுப்பில் பார்த்த அம்பும் ஆயாவின் நகமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று எனக்கு உறைத்தது.

1812-ல் நெப்போலியன் அரசு மார்செயின் ஒலிவ எண்ணெய்ச் சவுக்காரத்துக்கு ஐங்கோண முத்திரை ஒன்றைக் கொடுத்தது. நடுவில் ஊர்ப் பெயர் இருக்கும். வேறு யாரும் அதைக் குத்தக்கூடாது. 1906-ல் பிரான்சுவா மெர்க்லன் என்ற ரசாயனி ஒரு செய்முறையை எழுதிவைத்தார். கொப்பரை அல்லது பாமாயில் 63 பங்கு, சோடா அல்லது கடல் உப்பு 9 பங்கு, தண்ணீர் 28 பங்கு. 72 விழுக்காடு என்ற முத்திரை மார்செய் சவுக்காரத்தின் அடையாளமாகவே ஆனது. எண்ணெய் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அந்தக் கட்டியில் ஒரு இடத்திலும் இல்லை. 1914-ல் போர் மூண்டு கப்பல் போக்குவரத்து குலைந்ததும் நம் பக்கத்தில் மல்லாட்டை விலை விழுந்தது. முத்திரை அவர்களிடம் இருந்தது, மூட்டை நம்மிடம் தேங்கியது.

இனி வாசனைக்கு வருகிறேன்.

மெர்க்லன் எழுதிய செய்முறையில் வாசனைப் பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய முறைச் சவுக்காரத்துக்கு எண்ணெயும் சோடாவும் சேர்ந்த ஒரு மணம்தான். நம் வெள்ளாவித் துணிக்கும் ஆவியும் வெயிலும் கலந்த மணம்தான். சுத்தம் ஒரு வேலை, வாசனை வேறு வேலை. துவைத்து, உலர்த்தி, மடித்த பிறகுதான் வாசனை வரும். பிரெஞ்சு வீடுகளில் துணி அலமாரியில் லாவெண்டர் பூவைச் சிறு பையில் கட்டி வைப்பார்கள். லாவெண்டர் என்ற பெயரே, கழுவுதல் என்ற பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதோடு 19-ஆம் நூற்றாண்டில் இன்னொரு பொருளும் அந்த அலமாரிக்குள் போனது. கம்பளித் துணியில் பூச்சி விழாமல் இருக்க ஒரு வேரைக் கட்டுக்கட்டாக வைத்தார்கள். பிரெஞ்சு அகராதியைப் புரட்டினால் அதன் பெயர் 'வெத்திவேர்'. தமிழிலிருந்து வந்த சொல் என்று அகராதியே சொல்லும். வெட்டி எடுக்கும் வேர், வெட்டிவேர். அவர்களுக்கு அது ஒரு பெயர், நமக்கு அது ஒரு வாக்கியம்.

இரண்டாவது 'பச்சூலி'. காஷ்மீர் சால்வைகளைக் கப்பலில் அனுப்பும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க அந்த இலையை மடிப்புக்குள் வைத்தார்கள். ஐரோப்பாவில் சீமாட்டிகள் அந்த வாசனையை வைத்தே அசல் சால்வையை அடையாளம் கண்டார்கள். பிரெஞ்சு நெசவாளர்கள் அதே மாதிரி சால்வை நெய்தும் விற்க முடியாமல் திணறி, கடைசியில் இலையையே வரவழைத்து வாசனை ஏற்றினார்களாம். அந்தப் பெயரும் தமிழிலிருந்து போனது என்றே அகராதிகள் சொல்கின்றன. பச்சிலைதான் பச்சூலி.

வெட்டிவேர் எண்ணெய் பிறகு ரெயூனியன் தீவில் காய்ச்சப்பட்டு, 'பூர்போன் வெத்திவேர்' என்று வாசனைத் தைலக்காரர்களிடம் பெரிய பெயர் வாங்கியது. புதுவை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன அதே தீவு. இன்று உலகச் சந்தைக்கு அதிகமாக வெட்டிவேர் எண்ணெய் அனுப்புவது ஹெய்தி.

வாசனை சவுக்காரத்துக்குள்ளேயே புகுந்தது பெரிய ஆலைகள் வந்த பிறகு. மலிவான எண்ணெயின் வாடையை மறைக்க வேண்டியிருந்தது. இலங்கையின் தென்கோடியில் காய்ச்சிய சிட்ரோனெல்லாப் புல் எண்ணெய் அதற்குப் பெரிய அளவில் போனது. கூடவே ரசாயனக் கூடங்கள் வேலையைத் தொடங்கின. 1868-ல் பெர்கின் கூமரின் என்ற மணப் பொருளைச் செயற்கையாகச் செய்தார். 1893-ல் ஜெர்மனியில் டீமானும் க்ரூகரும் 'அயனோன்' செய்தார்கள். அது வயலட் பூவின் மணம். அசல் பூவிலிருந்து எடுத்தால் விலை ராஜாக்களுக்குத்தான் கட்டும். ஆனால் இந்தச் செயற்கை வயலட்டுக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? எலுமிச்சைப்புல் எண்ணெய். திருவிதாங்கூர் மலைப் பக்கத்தில் காய்ச்சி, கொச்சி வழியாகப் போனது. ஐரோப்பாவில் ஒரு பெண் வயலட் சோப்பை முகர்ந்து பார்த்தால், அவள் முகர்ந்தது பாதி மலையாள நாட்டுப் புல்.

நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கம்பியால் அறுத்துக் கொடுத்த பார் சோப்பு, அப்புறம் 501, சன்லைட். 1959-ல் சர்ஃப் தூள் வந்தது. 1969-ல் குஜராத்தில் ஆரம்பித்த நிர்மா, பின்னால் மஞ்சள் தூளாக ஏழை வீட்டுக்கும் வந்தது. இவை சவுக்காரம் அல்ல, பெட்ரோலியத்திலிருந்து செய்த டிடர்ஜென்ட். இவை ஜெயித்ததற்கு விளம்பரம் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய்ச் சவுக்காரம் உப்புத் தண்ணீரில் நுரைக்காது, திரிந்து வெள்ளையாகத் துணியில் ஒட்டும். முத்திரையர்பாளையம் தண்ணீரில் ஒரு துண்டுச் சவுக்காரம் எவ்வளவு நுரை கொடுத்தது என்று நினைத்துப் பாருங்கள். அதே துண்டை இப்போதைய போர்வெல் தண்ணீரில் போட்டால் வேலைக்கு ஆகாது. தண்ணீர் மாறியபோது சவுக்காரமும் தோற்றது. துவைக்கும் பெண்களுக்குத் தோள்வலி குறைந்ததையும் மறக்கக்கூடாது. சாம்பல் போட்டுத் தேய்த்த காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் தேய்க்காதவர்கள்.

ஆகவே 'தாவரம்' என்ற சொல்லைக் கண்டதும் மயங்கவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயிலிருந்தும் பாமாயிலிலிருந்தும் ஆலையில் பல படி தாண்டிச் செய்த நுரைப் பொருளையும் தாவரம் என்று எழுதலாம். அது பொய்யில்லை, ஆனால் ஆயா வீட்டுச் சீயக்காயும் இல்லை. பின்பக்கத்துச் சிறு எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். மார்செய் கட்டியில் 'சோடியம் ஒலிவேட்' என்றால் ஒலிவ எண்ணெய், 'பாமேட்' என்றால் பாமாயில், 'கொக்கோயேட்' என்றால் தேங்காய். மல்லாட்டையைப் பெரும்பாலும் காணமாட்டீர்கள். வெறுமனே 'பர்ஃபம்' என்று போட்டிருந்தால், முன்பக்கத்தில் வெட்டிவேர்ப் படம் இருந்தாலும் அதற்குள் வெட்டிவேர் இருந்தே தீரவேண்டும் என்று இல்லை.

வெட்டிவேர் வாசனைதான் வேண்டுமென்றால், நாட்டு மருந்துக் கடையில் ஒரு பிடி வேர் வாங்கி, மண் போக அலசி நிழலில் உலர்த்தி, மெல்லிய துணியில் கட்டி அலமாரியில் போடுங்கள். மணம் குறைந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உலர்த்தித் திரும்பப் போடலாம். பேரப் பிள்ளைகள் பிரெஞ்சோ ஆங்கிலமோ எதில் படித்தாலும், அந்தப் பெயர் எந்த மொழி என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் கிடங்கில் மல்லாட்டை உடைத்த ஆயாவோ, மூட்டை சுமந்த தாத்தாவோ இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரையும் வேலை செய்த இடத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஏற்றுமதிக் கணக்கில் மூட்டை எண்ணிக்கை இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது.

அந்த மூட்டைகளை அலைக்கு மேலே கப்பலுக்குக் கொண்டுபோன சலங்குப் படகுகளைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. அது அடுத்த முறை.